மாறுவதை மட்டும் எண்ணுவோம்: பண்ணையில் புதிதாக ஒன்றைச் செய்யும் முன் போட வேண்டிய கணக்கு

இரண்டு விவசாயிகள் சந்தித்தால் முதலில் கேட்டுக்கொள்வது, "இந்தத் தடவை எத்தனை மூட்டை?" என்றுதான். மாடு வைத்திருப்பவர்கள் என்றால், "எத்தனை லிட்டர் கறக்குது?" பதில் பெரிய எண்ணாக இருந்தால் கேட்டவர் முகத்தில் ஒரு மரியாதை வந்துவிடும். அந்த மூட்டை ஒன்றை விளைவிக்க எவ்வளவு செலவானது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பலரிடம் பதில் இருக்காது.

"விவசாயத்தைத் தொழிலாகச் செய்யுங்கள், நவீனமாகச் செய்யுங்கள்" என்ற அறிவுரை மட்டும் எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. நவீனம் என்றதும் ட்ரோன், சென்சார், செயலி என்று எண்ணம் ஓடுகிறது. தொழில் திறமை என்றதும் சந்தையில் கெட்டியாகப் பேரம் பேசுவது நினைவுக்கு வருகிறது. புதிய கருவி வாங்கிக் கடனில் விழுந்தவர்கள் பெரும்பாலும் நல்ல உழைப்பாளிகள், புதியதைத் துணிந்து முயல்பவர்கள். கருவியும் பல நேரம் நல்ல கருவிதான். வாங்கும் முன் ஒரு தாளில் போட்டிருக்க வேண்டிய ஒரு சின்னக் கணக்கு விட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான். வேளாண் பொருளாதாரத்தில் அதற்குப் பகுதி வரவுசெலவுக் கணக்கு என்று பெயர். பெயர்தான் நீளம், பென்சிலும் அரை மணி நேரமும் போதும். ஆனால் அதைப் போட, அதற்கு முன் இரண்டு மூன்று விஷயங்கள் தெளிவாக வேண்டும்.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்று ஒரு பழமொழி இருக்கிறதே என்பீர்கள். கணக்கே பார்க்காதே என்று அதற்குப் பொருள் சொல்லி எத்தனையோ பேர் நோட்டை மூடிவைத்திருக்கிறார்கள். எனக்கு அது வேறு மாதிரிதான் கேட்கிறது. தன் உழைப்பையும் கூலியாக எழுதினால் மிச்சம் எவ்வளவு குறைவு என்பதை நம் முன்னோர் கணக்குப் போட்டுப் பார்த்துத்தானே சொல்லியிருக்க முடியும்?

இனி வரும் எடுத்துக்காட்டுகளில் பணத்தை வெறும் எண்ணாகவே எழுதுகிறேன். எந்த நாட்டுக் காசை வைத்துப் படித்தாலும் கணக்கு ஒன்றுதான்.

கையில் காசு இருந்தால் அது லாபமா?

ஒருவர் சொந்தமாகக் கார் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். தினமும் இரவு, வந்த பணத்தில் எரிபொருள் செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தை லாபம் என்று வீட்டுக்குக் கொண்டுபோகிறார். மூன்று வருடம் நன்றாகவே போகிறது. நான்காம் வருடம் டயர் நான்கும் ஒன்றாகத் தேய்கின்றன, இஞ்சின் வேலை வருகிறது. வேறு கார் வாங்கப் பணம் இல்லை. மூன்று வருடமும் அவர் தினம் வீட்டுக்குக் கொண்டுபோனதில் ஒரு பகுதி, லாபமே இல்லை. காரையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்த காசு.

டிராக்டரும் கறவை இயந்திரமும் பம்புசெட்டும் இதே மாதிரி கரைகின்றன. 1000க்கு ஒரு இயந்திரம் வாங்குகிறோம். 10 வருடம் கழித்து 200க்கு விற்கலாம் என்றால், இடையில் 800 கரைந்துவிடுகிறது. வருடத்துக்கு 80. இந்த 80க்குத்தான் தேய்மானம் என்று பெயர். அதை யாரும் நம்மிடம் வந்து கேட்பதில்லை, ரசீதும் கிடையாது. அதனால்தான் மறந்துபோகிறது.

ரசீது இல்லாத இன்னொரு செலவு, வீட்டு ஆட்களின் உழைப்பு. "நாங்களே பார்த்துக்கிறோம், கூலி மிச்சம்" என்கிறோம். அதே நேரத்தை வேறு வேலைக்குக் கொடுத்திருந்தால் ஏதோ ஒரு தொகை வந்திருக்கும் அல்லவா? ஒன்றைச் செய்வதால் கைவிட்டுப் போகிற அந்த வரவை வாய்ப்புச் செலவு என்பார்கள். சொந்த நிலத்துக்கும் அது பொருந்தும். குத்தகைக்கு விட்டிருந்தால் வந்திருக்கும் தொகைதான் சொந்த நிலத்தின் செலவு.

எதிர்ப்பக்கமும் ஒரு குழப்பம் உண்டு. கடனின் அசலைத் திருப்பிக் கட்டும்போது கையில் இருந்து பணம் போகிறது, ஆனால் அது செலவுக் கணக்கில் சேராது. வட்டிதான் செலவு. மழை பொய்த்த வருடத்தில் ஒரு மந்தைக்காரர் சினைக்கு வரவேண்டிய கிடேரிகளில் ஐந்தை விற்கிறார். பை நிரம்புகிறது. ஆனால் அது விதைநெல்லை விற்ற காசு மாதிரி. இரண்டு வருடம் கழித்துக் கன்றும் பாலும் குறையும்போதுதான் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று புரியும். விற்றது தவறு என்று சொல்லவில்லை, தீவனம் இல்லாதபோது அதுவே சரியான முடிவாகவும் இருக்கலாம். அதை லாபத்தில் எழுதாமல் இருந்தால் போதும்.

ஆகக் கையில் வந்தது, கையில் இருந்து போனது என்பது ஒரு கணக்கு. பண்ணை வளர்ந்ததா, கரைந்ததா என்பது இன்னொரு கணக்கு. முதலாவதைப் பணப்புழக்கம் என்றும், இரண்டாவதை லாபநட்டம் என்றும் வைத்துக்கொள்வோம்.

நின்றாலும் ஓடும் செலவு

வாடகை வீட்டில் இருக்கிறோம். ஒரு மாதம் வெளியூர் போனாலும் வாடகை கட்டியாக வேண்டும். மின்சாரச் செலவோ, விளக்கு எரிந்தால்தான் ஏறும். பண்ணையிலும் செலவு இப்படி இரண்டாகப் பிரியும். நிலக்குத்தகை, காப்பீடு, தேய்மானம் எல்லாம் விதைத்தாலும் விதைக்காவிட்டாலும் இருப்பவை. இவை நிலையான செலவு. விதை, உரம், தீவனம், அறுவடைக் கூலி போன்றவை செய்கிற அளவுக்கு ஏறி இறங்குபவை. இவை மாறும் செலவு.

பிரித்து வைத்து என்ன பயன்? ஒரு பயிரை எடுத்துப் பார்ப்போம். நிலையான செலவு 600. மாறும் செலவு 900. அந்த 900இல் அறுவடைக்கு மட்டும் மூட்டைக்கு 5 வீதம் 250 போகிறது. விளைச்சல் 50 மூட்டை. மொத்தச் செலவு 1500, அதாவது மூட்டைக்கு 30. இந்த 30தான் சமநிலை விலை. அதற்கு விற்றால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. சந்தையில் விலை 26 என்றால் என்ன செய்வது?

"30க்குக் கீழே போனால் நட்டம், பயிரே வைக்காதே" என்று உடனே சொல்லத் தோன்றும். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

பயிர் விளைந்து நிற்கிறது, அறுக்கலாமா வேண்டாமா என்பது முதல் கேள்வி. இதற்கு முன் செலவழித்தது எல்லாம் போனது போனதுதான். அறுத்தாலும் வராது, விட்டாலும் வராது. இனி ஆகப்போகும் செலவு மூட்டைக்கு 5. விலை 5க்கு மேல் இருக்கும்வரை அறுப்பதுதான் சரி. விலை அடியோடு விழுந்த காலத்தில் விளைந்ததைப் பறிக்காமல் சிலர் உழுதுவிடுவதைப் பார்த்து மனம் பதறுகிறது. பறிகூலிகூடத் தேறாத விலை என்பதுதான் அதன் கணக்கு.

வரும் பருவத்தில் இதே பயிரை வைக்கலாமா என்பது இரண்டாவது. இப்போது 900 முழுவதும் நம் கையில் இருக்கிறது, செலவழிக்கலாம், செலவழிக்காமலும் இருக்கலாம். மூட்டைக்கு அது 18. விலை 26 என்றால் மூட்டைக்கு 8 மிஞ்சும், 50 மூட்டைக்கு 400. நிலத்தைச் சும்மா போட்டால் நட்டம் 600. பயிர் வைத்தால் நட்டம் 200. இதைவிட நல்ல பயிர் கைவசம் இல்லையென்றால், நட்டம் என்று தெரிந்தே வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

பல வருடம் இப்படியே ஓட்டலாமா என்பது மூன்றாவது. ஓட்ட முடியாது. ஒரு நாள் டிராக்டரை மாற்ற வேண்டும், குத்தகையைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது 30 வேண்டும். விலையை ஏற்றுவது நம் கையில் இல்லையென்றால் செலவைக் குறைக்க வேண்டும், அல்லது பயிரை மாற்ற வேண்டும்.

ஒரே பயிர், ஒரே விலை. கேள்வி எந்தக் கட்டத்தில் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்துப் பதில் 5, 18, 30 என்று மாறுகிறது. இந்த மூன்று எண்களும் தெரிந்த விவசாயி வியாபாரி முன்னால் உட்காரும்போது, எந்த விலைக்குக் கீழே எழுந்து வந்துவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பேரம் பேசும் திறமை என்று நாம் சொல்வதில் பாதி இதுதான்.

கடைசி மூட்டை உரம்

கனமான அலமாரியை நகர்த்த ஒருவர் திணறுகிறார். இரண்டாம் ஆள் வந்தால் வேலை சட்டென்று எளிதாகிறது. மூன்றாமவர் கொஞ்சம் உதவுவார். ஆறாமவர் வந்தால் காலில் கால் இடிபடும். சேர்க்கச் சேர்க்கக் கூடுதல் பயன் குறைந்துகொண்டே போவதைக் குறைந்து செல் விளைவு என்பார்கள்.

உரத்தில் இது எண்களாகவே தெரியும். முதல் அளவு உரம் போட்டதில் 12 மூட்டை கூடுகிறது. இரண்டாவது அளவுக்கு 7. மூன்றாவதுக்கு 3. நான்காவதுக்கு 1. ஒரு அளவு உரத்தின் விலை 80 என்று வைப்போம். மூட்டை 26க்கு விற்கிறது, அறுவடைச் செலவு 5 போக 21 நிற்கும். இரண்டாம் அளவு 147 கொண்டுவருகிறது. போட்டது சரி. மூன்றாம் அளவு கொண்டுவருவது 63. போட்டது 80. அங்கேயே 17 போச்சு. நான்காவதும் போட்டவர்தான் அதிக மூட்டை எடுத்து எல்லாரிடமும் பெயர் வாங்குவார். பணம் மிஞ்சுவது இரண்டோடு நிறுத்தியவருக்கு. மூட்டை விலை 40 ஆனால் கதை மாறும், மூன்றாம் அளவு அப்போது 105 கொண்டுவரும். அதனால் "ஏக்கருக்கு இவ்வளவு" என்று காலத்துக்கும் ஒரே அளவு கிடையாது. மண் ஒருபக்கம் முடிவு செய்கிறது, விலை ஒருபக்கம் முடிவு செய்கிறது.

இப்படிக் கடைசியாகச் சேர்த்த ஒன்றின் செலவையும் வரவையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும் முறையை முதலில் தெளிவாக எழுதியவர்களில் ஒருவர் ஒரு விவசாயி என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. வடக்கு ஜெர்மனியில் டெல்லோ என்ற பண்ணையை 1810இல் வாங்கிய யோஹான் ஹைன்ரிஷ் ஃபான் தூனன், அங்கே வருடக்கணக்காகச் செலவையும் விளைச்சலையும் நுணுக்கமாக எழுதிவந்தார். அந்தக் கணக்கேடுகளை வைத்துத்தான் தன் பொருளாதாரக் கொள்கையை நிறுவினார். 1826இல் அதன் முதல் பகுதி வெளிவந்தது. பெரிய பொருளாதார நூல்கள் இன்றும் கற்றுத்தரும் ஒரு முறைக்குப் பண்ணை நோட்டு ஒன்று அடிப்படையாக இருந்திருக்கிறது.

கூடவே இன்னொன்று. தண்ணீர் இல்லாத நிலத்தில் உரத்தைக் கூட்டினால் முதல் அளவே வீண். எது மிகவும் குறைவாக இருக்கிறதோ அதுதான் விளைச்சலின் எல்லையை முடிவு செய்யும். 1828இல் ஜெர்மன் வேளாண் அறிஞர் கார்ல் ஸ்ப்ரெங்கல் சொல்லி, பிறகு வேதியியலாளர் யூஸ்டுஸ் ஃபான் லீபிக் பரப்பிய விதி இது. கருவி வாங்கும்போதும் இதே கேள்வியைக் கேட்டுப்பார்க்கலாம்: என் பண்ணையைத் தடுத்து நிறுத்துவது இந்தக் கருவி இல்லாததா, வேறு ஏதாவதா?

நான்கு கட்டம், ஒரு தாள்

இப்போது விஷயத்துக்கு வரலாம். பகுதி வரவுசெலவுக் கணக்கு என்பது, ஒரு மாற்றத்தால் மாறுகிறவற்றை மட்டும் எண்ணும் கணக்கு. மாற்றத்தைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் அப்படியே இருப்பவற்றைத் தாளில் ஏற்றவே கூடாது. மொத்தப் பண்ணையின் கணக்கையும் ஒரே நாளில் சரிசெய்ய முயன்று சோர்ந்துபோகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

தாளை நடுவில் ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு போட்டு நான்காகப் பிரியுங்கள். இடப்பக்கம் நல்லவை: புதிதாக வரும் வரவு, குறையும் செலவு. வலப்பக்கம் கெட்டவை: புதிதாக வரும் செலவு, குறையும் வரவு. இடப்பக்கக் கூட்டலிலிருந்து வலப்பக்கக் கூட்டலைக் கழித்தால் விடை.

ஒரு மந்தைக்காரரின் தாளைப் பக்கத்தில் இருந்து பார்ப்போம். அவருடைய மாடுகள் முழு மேய்ச்சல் நிலத்திலும் இஷ்டப்படி திரிகின்றன. பிடித்த புல்லை மொட்டையாகக் கடித்துவிட்டு, பிடிக்காததை முற்ற விட்டுவிடுகின்றன. மின்வேலி கட்டி நிலத்தைப் பகுதிகளாக்கி, ஒரு பகுதி மேயும்போது மற்றவை தழைக்க விட்டால் புல் கூடும் என்று நினைக்கிறார். வேலிக்கு 1200 ஆகும், 10 வருடம் உழைக்கும், கடைசியில் விலை போகாது.

புதிய வரவு: புல் கூடுவதால் பக்கத்துப் பண்ணையின் 5 மாடுகளை மேய்ச்சல் கூலிக்குச் சேர்க்கலாம். மாட்டுக்கு 60 வீதம் 300. குறையும் செலவு: வாங்கும் உலர்தீவனம் 260 அளவுக்குக் குறையும். இடப்பக்கம் 560.

புதிய செலவு: வேலியின் தேய்மானம் வருடத்துக்கு 120. போட்ட பணத்துக்கு வட்டி. 10 வருடத்தில் அந்த 1200 கரைந்து பூஜ்யமாவதால் சராசரியாகப் பாதிக்கு, அதாவது 600க்கு 8 சதவீதம் போட்டால் 48. பழுதுபார்க்க 32. வெளி மாடுகளுக்குத் தாதுஉப்பும் கவனிப்பும் 40. அப்புறம் உழைப்பு. மாடுகளை மாற்றிக் கட்ட தினம் அரை மணி, மேய்ச்சல் காலம் 200 நாள், ஆக 100 மணி நேரம். மணிக்கு 2 என்றால் 200. கூட்டினால் 440. குறையும் வரவு: ஒரு மூலையில் புல்லை அறுத்து 50க்கு விற்றுவந்தார், அந்த மூலையும் இனி வேலிக்குள் போகிறது. வலப்பக்கம் 490.

மிச்சம் 70.

தாளில் எதெல்லாம் இல்லை என்று கவனியுங்கள். நிலக்குத்தகை இல்லை, டிராக்டர் கடன் இல்லை, ஏற்கெனவே இருக்கும் வெளிவேலி இல்லை. போன வருடம் வாங்கி, ஓட்டை விழுந்துவிட்ட தண்ணீர்த் தொட்டியும் இல்லை. ஏற்கெனவே செலவழித்துவிட்ட, எந்த முடிவாலும் திரும்பி வராத பணம் மூழ்கிய செலவு. "இவ்வளவு போட்டாச்சு, இனி விடக்கூடாது" என்ற எண்ணம் பேருந்து நிறுத்தத்தில் வருவது மாதிரி. ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டோம் என்பதற்காகப் பேருந்து சீக்கிரம் வந்துவிடாது.

இப்போது 70 என்ற விடையை ஆட்டிப்பார்க்க வேண்டும். மழை குறைந்து, தீவனச் செலவு 260க்குப் பதில் 150 மட்டுமே குறைந்தால்? 40 நட்டம். மாடு மாற்றும் வேலை அரை மணிக்குப் பதில் 20 நிமிடத்தில் முடியும்படி வாசல்களை ஒரே பாதையில் வைத்தால்? உழைப்பு 200இலிருந்து சுமார் 133 ஆகும், மிச்சம் 70இலிருந்து ஏறக்குறைய 137 ஆகிவிடும். வேலிக் கம்பியை எந்த நிறுவனத்திடம் வாங்குவது என்று நாள்கணக்கில் விசாரித்துக்கொண்டிருந்தார் அவர். மழைக்கு அடுத்து விடையை அதிகம் ஆட்டுவது வாசல் எங்கே இருக்கிறது என்பதுதான். உண்மையான புதுமை அங்கே இருந்தது, அதற்கு ஒரு காசும் தேவையில்லை. இந்தக் கணக்கின் மேல் எனக்கு இவ்வளவு நம்பிக்கை இருப்பதற்குக் காரணம் இதுதான். சரியா தவறா என்பதோடு நிற்காமல், எங்கே கை வைக்க வேண்டும் என்பதையும் காட்டிவிடுகிறது.

சுருக்கமாக: மாறுவதை மட்டும் எழுது, நான்கு கட்டத்தையும் நிரப்பு, உன் நேரத்துக்கும் விலை போடு, பிறகு முக்கியமான எண்களை ஒவ்வொன்றாக மோசமாக்கிப் பார்.

அந்த எண்கள் எங்கிருந்து வரும்?

கணக்கு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் உள்ளே போடும் எண் தப்பென்றால் விடையும் தப்பு. விற்பவர் சொல்லும் எண் அவருடைய நிலத்து எண். நம் எண்ணை நாம்தான் அளக்க வேண்டும், அதுவும் சிறிய இடத்தில்.

அமெரிக்காவின் அயோவாவில் கலப்பின மக்காச்சோளம் பரவிய விதத்தைப் பிரைஸ் ரையன், நீல் கிராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் ஆராய்ந்து 1943இல் வெளியிட்டார்கள். 259 விவசாயிகளில் 1941க்குள் இரண்டு பேரைத் தவிர எல்லாரும் மாறியிருந்தார்கள். பெரும்பாலானவர்கள் முதல் வருடமே முழு நிலத்திலும் அதை விதைத்துவிடவில்லை. ஒரு மூலையில் போட்டுப் பார்த்து, வருடத்துக்கு வருடம் பரப்பைக் கூட்டித்தான் போனார்கள். புதியதை ஏற்கத் தயங்குகிறவர் என்று விவசாயியைக் குறை சொல்வது எளிது. அந்தத் தயக்கத்தில் பாதி, நல்ல பரிசோதனை.

பரிசோதனையைச் சரியாகச் செய்ய இரண்டு விதி போதும். இரண்டும் இங்கிலாந்தின் ராத்தாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் தெளிவாக வகுக்கப்பட்டவை. 1843இலிருந்து வயல் சோதனை நடக்கும் அந்த நிலையத்துக்கு 1919இல் ரொனால்டு ஃபிஷர் என்ற கணிதவியலாளர் வந்தார். ஒரு வயலுக்குள்ளேயே மண் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், ஒரே ஒரு துண்டில் செய்து பார்ப்பதை நம்பக்கூடாது என்றார். மூன்று நான்கு கீற்றுகளில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எந்தக் கீற்றுக்குப் புதியது, எதற்குப் பழையது என்பதை நம் கண் தேர்ந்தெடுக்கக் கூடாது, சீட்டுப் போட்டு எடுக்க வேண்டும். ஏனென்றால் நல்ல மண் எங்கே என்று நமக்குத் தெரியும், ஆசையாக வாங்கிய விதையைக் கை தானாக அங்கேதான் கொண்டுபோகும்.

நான்கு முளைக்குச்சியும் கயிறும் எடுத்துப் பத்தடி அகலத்தில் கீற்றுகளைப் பிரியுங்கள். வரப்பை ஒட்டிய பகுதியை விட்டுவிடுங்கள், ஓரப் பயிருக்கு வெளிச்சமும் காற்றும் அதிகம். அறுவடையில் ஒவ்வொரு கீற்றையும் தனித்தனிச் சாக்கில் கட்டி, கீற்று எண் எழுதிய அட்டையைச் சாக்குக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக வைத்து, எடை போடுங்கள். கண்ணால் பார்த்து "இது நல்லா வந்திருக்கு" என்று சொல்வதற்கும் தராசு சொல்வதற்கும் நடுவே பல நேரம் பெரிய தூரம் இருக்கும்.

மாட்டில் ஏமாறுவது இன்னும் சுலபம். பசு கன்று ஈன்ற பிறகு பால் ஏறிக்கொண்டே போய், சுமார் 6 முதல் 8 வாரத்தில் உச்சத்துக்கு வரும். பிறகு மெல்ல இறங்கும். ஈன்ற மூன்றாம் வாரத்தில் புதுத் தீவனம் ஆரம்பித்தால், எந்தத் தீவனமாக இருந்தாலும் பால் ஏறத்தான் செய்யும். பாராட்டு தீவனத்துக்குப் போகும். நான்காம் மாதத்தில் ஆரம்பித்தால், நல்ல தீவனம்கூட இறக்கத்துக்குப் பழி சுமக்கும். அதனால் "போன மாதம், இந்த மாதம்" என்று ஒப்பிடாமல், ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஈன்ற பசுக்களை இரண்டு கூட்டமாக்கி, ஒன்றுக்குப் பழையது, ஒன்றுக்குப் புதியது கொடுத்து ஒரே நாட்களில் அளக்க வேண்டும்.

முதலில் போனவரின் லாபம் எப்போதும் நிற்குமா?

முயற்சி நன்றாக வந்தது, கணக்கும் மிச்சம் காட்டுகிறது. ஆனாலும் இன்றைய விலையை வைத்துப் பத்து வருடக் கடன் எடுக்கலாகாது. 1958இல் அமெரிக்க வேளாண் பொருளாதார அறிஞர் வில்லர்ட் காக்ரேன் இதை ஓடும் பட்டைக்கு ஒப்பிட்டார். உடற்பயிற்சிக் கூடத்தில் பட்டை மேல் எவ்வளவு வேகமாக ஓடினாலும் நின்ற இடத்திலேயே நிற்போமே, அது மாதிரி. புதிய முறையை முதலில் பிடித்தவருக்குச் செலவு குறைகிறது, விலை பழைய விலை. நல்ல லாபம். அதைப் பார்த்து மற்றவர்களும் வருகிறார்கள். சரக்கு கூடுகிறது, விலை இறங்குகிறது. கடைசியில் வருபவருக்கு அது லாபம் தருவதில்லை, தொழிலில் நிற்க மட்டுமே உதவுகிறது. அதனால் நான்கு கட்டத் தாளை இரண்டு முறை போடுவது நல்லது: இன்றைய விலையில் ஒரு முறை, எல்லாரும் மாறிய பிறகு இருக்கக்கூடிய குறைந்த விலையில் ஒரு முறை. இரண்டாவதிலும் தாங்கினால்தான் நீண்ட கடன்.

தாங்கினாலும் மாதவாரியாக ஒரு பார்வை தேவை. வேலிக்கு 1200 முதல் மாதமே போகிறது. மேய்ச்சல் கூலி பருவம் முடிந்துதான் வருகிறது. நடுவில் தீவனம் வாங்கும் மாதமும் கடன் தவணை மாதமும் ஒன்றாக விழுந்தால், லாபமான மாற்றமே மாட்டை விற்க வைத்துவிடும். 12 கட்டம் போட்டு, ஒவ்வொரு மாதமும் வருவது, போவது, கையிருப்பு என்று மூன்று வரி எழுதினால் எந்த மாதம் மூச்சு முட்டும் என்று தெரிந்துவிடும். தவணையை விற்பனை மாதத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டியது கடன் வாங்கும் முன்பு. வாங்கிய பிறகு கேட்டால் பதில் அவர்கள் கையில்.

நோட்டு எங்கே இருக்க வேண்டும்?

செயலி பயன்படுத்துகிறவர்கள் தாராளமாகப் பயன்படுத்தட்டும். என் அனுபவத்தில் எழுதும் பழக்கம் நிற்பதற்குக் காரணம், எழுதும் இடத்துக்கும் வேலை நடக்கும் இடத்துக்கும் இருக்கும் தூரம்தான். வீட்டு மேசையில் இருக்கும் நோட்டில் மூன்றாம் நாளிலிருந்து ஞாபகத்தில் எழுத ஆரம்பிப்போம், இரண்டாம் வாரத்தில் நிறுத்திவிடுவோம். கறக்கும் இடத்தில் தூணில் ஒரு ஆணி, ஆணியில் நோட்டு, நோட்டில் நூலால் கட்டிய பென்சில். பேனா வேண்டாம், ஈரக் கையில் மை பரவும். கறந்ததும் தராசில் தொங்கவிட்டு, வாளியின் எடையைக் கழித்து, காதுவில்லை எண்ணுக்கு நேரே எழுதிவிட்டு அடுத்த பசுவுக்குப் போகலாம். பத்து நொடி.

வலது ஓரத்தில் ஒரு பத்தி மட்டும் காலியாக விடுங்கள். சினை ஊசி போட்ட நாள், தீவனம் மாற்றிய நாள், கொட்டகைக்குள் தண்ணீர் நின்ற நாள், ஆள் வராததால் தாமதமாகக் கறந்த நாள், இப்படி நடந்ததை இரண்டு வார்த்தையில் குறிக்க அது. மூன்று மாதம் கழித்து 14ஆம் எண் பசுவின் வரிசையில் எட்டு என்றிருந்தது திடீரென்று ஆறாக இறங்கியிருக்கும். யாரைக் குறை சொல்வது என்று யோசிப்பதற்கு முன், அந்த ஓரப் பத்தியைப் பார்த்தால் "தண்ணீர்க் குழாய் அடைப்பு, 2 நாள்" என்று உங்கள் கையெழுத்தே சொல்லும்.